முதலில் தண்ணீரை வளர்ப்போம், பிறகு மீனை வளர்ப்போம்

வீட்டோடு ஒரு பாடம்: நீர்ச்செடியுடன் ஒரு சிறிய மீன்தொட்டி



தீபாவளி முடிந்த இரண்டாவது வாரத்தில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிய கடிதம். எழுதியவர் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு தம்பி. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்தில் இருக்கிறார்.

அப்பா எடுத்த தீபாவளி முற்பணத்தில் தம்பிக்கும் கொஞ்சம் கைக்காசு கிடைத்திருக்கிறது. டவுனுக்குப் போய் ஐந்து குப்பி மீன் வாங்கி, ஒரு பெரிய போத்தலில் விட்டு, ஜன்னல் ஓரத்தில் வைத்தார். ஆசையோடு சோறு போட்டார், ரொட்டித் துண்டு போட்டார். மூன்றாம் நாள் தண்ணி கலங்கியது. மூன்று மீன் செத்து மிதந்தன. நாலாம் நாள் பயந்துபோய், இருந்த தண்ணியை எல்லாம் கொட்டிவிட்டுப் பீலியில் பிடித்த புதுத் தண்ணியை நிரப்பினார். அன்று இரவே மற்ற இரண்டும் செத்துவிட்டன.

கடிதத்தின் கடைசி வரி இதுதான்: "எங்க பீலித் தண்ணி மீனுக்கு ஆகாதா? இதெல்லாம் டவுன் ஆளுங்களுக்குத்தான், நமக்குச் சரிவராதுன்னு அப்பா சொல்றாரு. உண்மையா?"

தம்பிக்கு அப்போதே பதில் எழுதினோம். ஆனால் இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டதால், அந்தப் பதிலை விரித்து இந்த இதழின் பாடமாகத் தருகிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பீலித் தண்ணியில் குற்றமில்லை. தம்பியிலும் குற்றமில்லை. குற்றம் அவசரத்தில்.

இதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. ஏனென்றால் நாங்களும் அதே தவறைச் செய்தோம். ஒரு பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தொட்டி வைத்தோம். காலையில் தொட்டியை நிரப்பினோம், மத்தியானம் பத்து மீன் விட்டோம். ஒரு கிழமைக்குள் தொட்டி வெறும் தொட்டி ஆயிற்று. பிள்ளைகள் "மீன் எங்கே?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிறகு படித்தும் பார்த்தும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மீன் ஏன் செத்தது?

மீன் தின்கிறது, கழிக்கிறது. அது மூச்சுவிடும்போது பூவின் வழியாகவும் கழிவு வெளியேறுகிறது. அந்தக் கழிவும், தின்னாமல் அழுகிய சாப்பாடும் தண்ணீரில் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போதே மீனைக் கொன்றுவிடும்.

ஆறுகளிலும் குளங்களிலும் மட்டும் மீன் எப்படி வாழ்கிறது? அங்கே தண்ணீர் நிறைய இருக்கிறது. அதோடு கல்லிலும் மணலிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வேலை செய்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. செடிகளுக்கோ அது சாப்பாடு.

இது நமக்குப் புதிய கதை இல்லை. தேயிலை மலையில் உரம் போடுகிறோமே, யூரியா, அது என்ன ஆகிறது? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக்குகின்றன, பிறகு நைத்திரேற்றாக்குகின்றன, தேயிலை வேர் அதை உறிஞ்சிக் கொழுந்தாக்குகிறது. உரம் அளவுக்கு மேலே போனால் செடி கருகுவதையும் பார்த்திருக்கிறோம். மலையில் நடக்கிற அதே வேலைதான் தொட்டிக்குள்ளேயும் நடக்க வேண்டும்.

ஆனால் புதிய தொட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை பெருகுவதற்கு நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். தம்பியின் போத்தலில் முதல் நாளே ஐந்து மீனும் ஏராளமான சாப்பாடும் வந்துவிட்டன, துப்புரவு செய்யும் வேலையாட்கள் ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் குளிர்ந்த பீலித் தண்ணியை ஒரேயடியாக ஊற்றியது மிச்சமிருந்த இரண்டுக்கும் தாங்கமுடியாத அதிர்ச்சி.

ஆகவே பாடத்தின் சாரம் இதுதான்: மீன் வளர்ப்பவர் முதலில் தண்ணீரை வளர்க்க வேண்டும்.

செடி எதற்கு?

நீர்ச்செடி அழகுக்கு மட்டும் இல்லை. அது அமோனியாவையும் நைத்திரேற்றையும் உறிஞ்சுகிறது. வெளிச்சத்தில் ஒட்சிசனை விடுகிறது. மீன் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. பாசி பிடிப்பதையும் குறைக்கிறது.

1850-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் றொபர்ட் வாரிங்டன் இதைச் செய்து காட்டினார். ஒரு சிறு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்ற புல் போன்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டபோது, அவற்றைத் தின்பதற்குச் சில நீர் நத்தைகளையும் விட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அப்போது மின்சாரப் பம்பு கிடையாது.

நமக்கு இது முக்கியம். 2022-ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பம்பை மட்டும் நம்பிய தொட்டிகளுக்கு அது கெட்ட காலம். செடி நிறைந்து, மீன் குறைந்த தொட்டி அப்படிப்பட்ட நேரத்தைத் தாங்கும்.

தேவையான பொருட்கள்

1. கண்ணாடித் தொட்டி: 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். இது ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். மணலும் மேலே விடும் இடமும் போக 45 லீற்றர் தண்ணீர் நிற்கும். "சின்னத் தொட்டிதானே லேசு" என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் குறைந்தால் நஞ்சு சீக்கிரம் கூடும், சூடும் குளிரும் சட்டென மாறும். புதிதாகத் தொடங்குபவருக்குப் போத்தல்தான் மிகவும் கஷ்டமானது. பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். வாங்கியதும் வெளியே மட்டமான இடத்தில் வைத்து, நிரப்பி, ஒரு முழு நாள் ஒழுகுகிறதா என்று பாருங்க.

2. ஆற்று மணல் அல்லது சிறு கூழாங்கல்: 15 கிலோ. கடல் மணலும் சிப்பியும் வேண்டாம். கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய, எலுமிச்சம் புளி சில துளி விட்டுப் பாருங்க. நுரைத்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்க.

3. ஸ்பொஞ்ச் வடியும் சிறிய காற்றுப் பம்பும். பற்றீரியா குடியிருக்க ஸ்பொஞ்ச் நல்ல வீடு.

4. ஒரு எல்.ஈ.டி. விளக்கு.

5. ஒரு மூடி. வலையாகவும் இருக்கலாம். மீன் துள்ளும், பூனையும் வரும்.

6. இரண்டு வாளியும் ஒரு குழாய்த் துண்டும். இவை மீன்தொட்டிக்கு மட்டுமே. சவர்க்காரம் பட்ட வாளி ஆகாது. மருந்துக் கலனைக் கழுவிப் பாவிப்பது கூடவே கூடாது. அது மீனுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. இந்தச் சம்பளத்தில் தொட்டி, அடுத்ததில் பம்பு, அதற்கடுத்ததில் மீன் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் சொல்லப்போகும் முறைக்கு அதுதான் பொருத்தமும்கூட.

எங்கே வைப்பது?

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 70 கிலோ வரும். ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. அதற்கு மேலே இன்னும் 20 கிலோ. ஆடுகிற மேசையில் வைக்காதீங்க. சீமெந்துக் கல் அடுக்கி, மேலே தடித்த பலகை போட்டு, அதன் மேல் ரெஜிபோம் தகடு ஒன்றை விரித்துத் தொட்டியை வையுங்க. காம்பராவில் தரை சரிவாக இருந்தால் முதலில் மட்டம் பாருங்க. மட்டமில்லாத தொட்டி ஒருநாள் வெடிக்கும்.

வெயில் நேராக விழும் ஜன்னல் வேண்டாம், பாசி பிடிக்கும். அடுப்புப் புகை வரும் இடமும் வேண்டாம். தண்ணீர் நிறைந்த பிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது.

அமைக்கும் முறை

மணலைக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவ வேண்டும். பத்துத் தடவையானாலும் பரவாயில்லை. முன்பக்கம் ஒன்றரை அங்குலமும் பின்பக்கம் இரண்டரை அங்குலமும் உயரம் வரும்படி பரப்புங்கள்.

தேயிலை மலை மண்ணைத் தொட்டிக்குள் போட வேண்டாம். "மண்ணு நல்லா இருக்கே" என்று ஒருவர் சொன்னார். நல்ல மண்தான், தேயிலைக்கு. அதில் உரமும் மருந்தும் கலந்திருக்கும்.

பாதி அளவு தண்ணீர் விட்டுச் செடிகளை நடுங்கள். ஆரம்பத்திலேயே நிறைய நட வேண்டும். மூன்று செடி நட்டுவிட்டுக் காத்திருந்தால் பாசி முந்திவிடும். தரையில் பாதிக்கு மேல் செடி தெரிய வேண்டும்.

பின்பக்கம் வலிஸ்னேரியா. நீண்ட நாடா போன்ற இலை. வேரை மட்டும் புதையுங்கள். இலை தொடங்கும் கழுத்து மணலுக்கு மேலே இருக்கட்டும். நம் ஊர்க் குளிரையும் தாங்கும்.

ஹோன்வோர்ட்: நரிவால் போன்ற, ஊசி இலைச் செடி. வேரே கிடையாது. மிதக்க விடலாம். வேகமாக வளர்ந்து அமோனியாவை இழுத்துக்கொள்ளும். புதிய தொட்டிக்கு இதைவிட நல்ல தோழன் இல்லை.

ஜாவா பாசி: கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடலாம். குறைந்த வெளிச்சம் போதும்.

முன்பக்கம் கிரிப்டொகொரைன். இதன் பல இனங்கள் உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் இயற்கையாக வளர்கின்றன. தென்மேற்குப் பகுதியின் நிழலான காட்டு ஓடைகள்தான் அவற்றின் பிறந்த வீடு. இன்று உலகமெங்கும் மீன்தொட்டிகளில் இருக்கும் கிரிப்டொகொரைன் வெண்டியை நம் நாட்டுச் செடி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளத்துத் தோட்டங்களிலும் நடு உயரத்திலும் இது நன்றாக வரும். நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து போகும். பிடுங்கி எறியாதீங்க. கவாத்து வெட்டிய தேயிலை போலத்தான், வேர் உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும். காட்டு ஓடையில் போய்ப் பிடுங்கவும் வேண்டாம். சில இனங்கள் அழிவின் விளிம்பில் உள்ளன. பண்ணையில் வளர்த்ததையே வாங்குங்கள்.

நட்டு முடிந்ததும் மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேலிருந்து ஒன்றரை அங்குலம் குறைய நிரப்புங்கள்.

பீலித் தண்ணியென்றால் பெரும்பாலும் குளோரின் இருக்காது. குழாய்த் தண்ணீரென்றாலோ, தோட்டத்துத் தாங்கிக்குக் குளோரின் போட்டிருந்தாலோ, வாளியில் ஒருநாள் முழுக்க வைத்து ஆறவிட வேண்டும். குளோரின் மீனையும் கொல்லும், நாம் வளர்க்க நினைக்கும் பற்றீரியாவையும் கொல்லும்.

பொறுமைக் கலண்டர்

முதல் மூன்று கிழமை: மீன் இல்லை. பம்பு ஓடட்டும். விளக்கு ஒருநாளைக்கு ஏழு மணித்தியாலம் எரியட்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு மீனுக்குப் போடுவது போல ஒரு துளி மீன் சாப்பாட்டைப் போடுங்கள். அது அழுகி, பற்றீரியாவுக்கு உணவாகும்.

முதல் கிழமையில் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கலாம். பயந்து கொட்டிவிடாதீங்க. பற்றீரியா பெருகுகிறது, தானே தெளியும். கண்ணாடியில் பழுப்புத் தூசி படியலாம். துணியால் துடைத்தால் போதும். செடியோடு சிறு நத்தைகள் வந்திருக்கலாம். வாரிங்டன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், இருக்கட்டும்.

நாலாம் கிழமை: செடியில் புதுத் துளிர் கண்டால் நாலு மீன் விடலாம்.

ஆறாம் அல்லது ஏழாம் கிழமை: முதல் நாலும் சுறுசுறுப்பாக இருந்தால் இன்னும் நாலு. இந்தத் தொட்டிக்கு எட்டுச் சிறு மீன் போதும்.

"மூணு கிழமையா வெறுந் தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். தேயிலைக் கன்று நட்டு எத்தனை மாதம் காத்திருக்கிறோம்? தவறணையில் கன்று வளர்த்த கைகளுக்கு மூன்று கிழமை ஒரு பெரிய காரியமா?

எந்த உயரத்துக்கு எந்த மீன்?

தேயிலையை உயரம் பார்த்துப் பிரிப்பது போல மீனையும் பிரிக்க வேண்டும். கடையில் இதைச் சொல்லமாட்டார்கள்.

நாலாயிரம் அடிக்கு மேல்: நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ்தான். குப்பியும் பைற்றரும் வெப்ப நாட்டு மீன்கள். சூடாக்கி இல்லாமல் மேல் தோட்டத்து இரவை அவை தாங்குவது கஷ்டம். இங்கே பொருத்தமானது வைட் கிளவுட் என்ற சிறு மீன். தென்சீனாவின் மலை ஓடை மீன் அது. ஒன்றரை அங்குலம்தான் வளரும். 15 முதல் 22 பாகை அதற்குச் சுகம். குளிர் அவ்வளவு கடுமையாக இல்லாத இடத்தில் சீப்ரா மீனும் வளரும்.

இரண்டாயிரம் முதல் நாலாயிரம் அடி வரை: சீப்ரா நல்லது. ஓடித் திரியும் மீன், ஆறாவது சேர்ந்து இருக்க வேண்டும். சூடான காம்பராவென்றால் குப்பியும் வளரும்.

இரண்டாயிரம் அடிக்குக் கீழே, இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கத் தோட்டங்கள்: குப்பி வளர்க்கலாம். ஆனால் ஆண் மீன் மட்டும் வாங்குங்கள். நிறமுள்ள பெரிய வால் ஆணுக்கு. பெண் பருத்து, நிறம் மங்கலாக இருக்கும். ஒரு பெண் மீன் இருந்தாலே மாதத்துக்கு ஒருதடவை குட்டி போடும். தொட்டி தாங்காது. செரி பார்ப் என்ற செம்மீனும் உண்டு. அது இலங்கைக்கே சொந்தமானது. 1929-இல் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். இதையும் பண்ணையில் வளர்ந்ததாக வாங்குங்கள்.

பொன்மீன் வேண்டாம். குளிர் தாங்கும், ஆனால் பெரிதாக வளரும், அழுக்கும் அதிகம், செடியையும் தின்னும்.

மீனைக் கொண்டுவந்ததும் பையை மூடியபடியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரை நாலைந்து தடவை அதில் சேருங்கள். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அன்றாட வேலை

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு பார்வை போதும். எல்லா மீனும் இருக்கிறதா, ஓடுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சாப்பாடு ஒருநாளைக்கு ஒருதடவை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கிழமைக்கு ஒருநாள் பட்டினி. சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஆளுக்கொரு பிடி போட்டால் அன்பே நஞ்சாகும்.

கிழமைக்கு ஒருதடவை கால்வாசி, அதாவது 11 லீற்றர் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக விடுங்கள். புதுத் தண்ணீர் முதல்நாளே காம்பராவுக்குள் வாளியில் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் குளிர் சமமாகும். பெருமழைக்குப் பிறகு பீலி கலங்கி வந்தால் அன்று மாற்றவேண்டாம். எடுத்த பழைய தண்ணீரைக் கொட்டாதீர்கள். லீக்ஸ் பாத்திக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள். நல்ல உரம்.

ஸ்பொஞ்சு மாதம் ஒருதடவை, எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவப்பட வேண்டும். பீலியில் பிடித்துச் சவர்க்காரம் போட்டால், வளர்த்த பற்றீரியா எல்லாம் போய்விடும். எங்கள் பிள்ளைக் காம்பராத் தொட்டியில் இரண்டாவது தடவை நடந்த தவறு இதுதான்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பூ சிவந்திருந்தால், உடனே பாதித் தண்ணீரை மாற்றிச் சாப்பாட்டை இரண்டு நாள் நிறுத்துங்கள்.

நமக்கென்று சில எச்சரிக்கைகள்

மருந்து: தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு உண்டு. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே மீனையும் நத்தையையும் கொல்லும். மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றும்வரை தொட்டிப் பக்கம் போகவேண்டாம். உண்மையில் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னும் இதே விதிதான்.

நுளம்பு மருந்து: நுளம்புச் சுருளிலும் ஸ்பிரேயிலும் உள்ள மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. தொட்டி உள்ள காம்பராவில் அடிக்க வேண்டாம். புகையடிக்க வந்தால் பம்பை நிறுத்தி, தொட்டியைத் தடித்த துணியால் மூடுங்கள். புகை அடங்கியதும் திறந்து பம்பைப் போடுங்கள்.

டெங்கு: மீன் உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பி தப்பாது, மீன் தின்றுவிடும். ஆபத்து எங்கே என்றால், தண்ணீர் ஆறவைத்த வாளியிலும், மீன் செத்த பிறகு மூலையில் ஒதுக்கிய தொட்டியிலும்தான். 2017-ஆம் ஆண்டு நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். வாளியைத் துணியால் இறுக்கி மூடுங்கள். பாவிக்காத தொட்டியைக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். மீன் இல்லாத முதல் மூன்று கிழமையும் தொட்டியை நுளம்பு நுழையாத வலையால் மூடியே வையுங்கள்.

மின்சாரம்: பழைய லயங்களின் வயரிங் நமக்குத் தெரிந்ததுதான். பம்பின் வயர், பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து வரவேண்டும். அப்போது வயர் வழியே வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத காம்பராவென்றால் பம்பும் விளக்கும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், நாலு மீனோடு மட்டும் வைத்திருங்கள். பம்பை விட உயிர் பெரிது.

ஆற்றில் விடாதீர்கள்

மீன் கூடிவிட்டது, அலுத்துவிட்டது என்று ஆற்றில் விடுவது புண்ணியம் இல்லை. டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். அதை வளர்த்தவர்கள் வெளியே விட்டதால் இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. சல்வீனியா என்ற மிதக்கும் செடி 1939-இல் ஆய்வுக்காக இங்கே வந்தது. பின்னர் வயலையும் குளத்தையும் மூடியது.

நம் லயத்துக் கானில் ஊற்றுவது எங்கே போகிறது? மஸ்கெலிய ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. மலையில் இருப்பவர்கள் நாம். கீழே உள்ள எல்லோருக்கும் தண்ணீர் நம் கைவழியாகத்தான் போகிறது. வேண்டாத மீனை வளர்க்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். வெட்டிய செடியை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

தம்பியின் இரண்டாவது கடிதம்

இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன் தம்பியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பழைய தொட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. அப்பாதான் கல் அடுக்கி, நீர்மட்டம் பார்த்துக் கொடுத்தாராம். மார்கழி முழுக்க வெறும் செடியும் தண்ணீரும். லயத்தில் எல்லோரும் "என்னடா, புல்லு வளக்கிறியா?" என்று கேலி செய்தார்களாம். தைப்பொங்கல் கழிந்து நாலு வைட் கிளவுட் மீன் விட்டிருக்கிறார். கடிதம் எழுதும்போது பத்தொன்பதாவது நாள். நாலும் இருக்கின்றன.

"இப்ப அப்பா வேல முடிஞ்சு வந்ததும் முதல்ல அதத்தான் எண்ணிப் பாக்குறாரு" என்று எழுதியிருக்கிறார்.

நமக்குச் சரிவராது என்று நாமே ஒதுக்கிவைத்த காரியங்கள் எத்தனையோ. அவற்றில் சிலவற்றுக்கு வேண்டியது பணம் அல்ல, சரியான முறையும் கொஞ்சம் பொறுமையும்தான்.

மீட்டற் கேள்விகள் (பிள்ளைகளுக்கு)

1. புதிய தொட்டியில் முதல் நாளே மீன் விட்டால் என்ன நடக்கும்? ஏன்?
2. தேயிலைக்குப் போடும் உரத்துக்கும் மீனின் கழிவுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
3. உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரத்தில் உள்ளது? அதற்கு எந்த மீன் பொருந்தும்?
4. ஸ்பொஞ்சைச் சவர்க்காரத்தால் கழுவக்கூடாது. காரணம் கூறுக.
5. உங்கள் லயத்துக் கான் தண்ணீர் எந்த ஆற்றில் சேர்கிறது? பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.